பழைய மரமும் உழைப்பாளியின் உளியும்

ஊர்தோறும் பழைய வீடுகள் இடிபடுகின்றன. ஓட்டு வீடு போய் கான்கிரீட் வீடு வருகிறது. இதற்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை. ஒழுகாத கூரையின் கீழ் ஜனங்கள் படுத்துறங்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் இடித்த வீட்டிலிருந்து இறங்குகிற மரம் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

உத்தரம், விட்டம், கைமரம், நிலை, கதவு, ஜன்னல் சட்டம் என்று ஒரு வீட்டில் இறங்கும் மரம் கொஞ்சமல்ல. அது இரண்டு வழியாகப் பிரிகிறது. தேக்கும் வேங்கையும், வேலைப்பாடுள்ள தூணும் கதவும் வியாபாரியின் லாரியில் ஏறுகின்றன. மிச்சமுள்ள வேம்பு, பூவரசு, வாகை, முறிந்த கைமரம், பலகைத் துண்டு எல்லாம் விறகு விலைக்குப் போகின்றன. செங்கல் சூளையிலும் டீக்கடை அடுப்பிலும் எரிந்து சாம்பலாகின்றன. இடிக்கிற வேலையைச் செய்த கூலியாள் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். அவர் வீட்டில் பிள்ளை தரையில் குப்புறப் படுத்துப் பாடம் எழுதுகிறது.

பிறகு என்ன நடக்கிறது? அவர் தவணைக் கடையில் ஒரு மேஜை, ஒரு அலமாரி வாங்குகிறார். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு முறை தண்ணீர் பட்டால் கால் ஊதிப் போகிறது. திருகாணி பிடிப்பை விடுகிறது. பல வீடுகளில் தவணை முடிவதற்கு முன்னே மேஜை முடிந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக நிற்கக்கூடிய மரத்தை எரித்துவிட்டு, நாலு மழை தாங்காத தூளைக் கடன்பட்டு வாங்கிக்கொள்கிறோம். இது எந்த ஊர்க் கெட்டிக்காரத்தனம்?

பழைய மரத்தைக் கொண்டு, கைக்கருவிகளைக் கொண்டு, நம் வீட்டுக்கும் சங்கக் காரியாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டிய சாமான்களைச் செய்துகொள்ள முடியும். செய்துகொள்ளவும் வேண்டும் என்பது நம் கருத்து. தச்சுத் தொழிலாளியின் பிழைப்பும் நம் பிள்ளைகளின் படிப்பும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆகவே இதைச் சில்லறை விஷயம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

மரத்துக்குள் இருக்கும் சரித்திரம்

வெள்ளைக்காரன் தேக்கை அவன் பாஷையில் அழைக்கும் பெயர்கூட நம் 'தேக்கு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். பெயரை மட்டுமா எடுத்துக்கொண்டான்? மலபார்க் காட்டுத் தேக்கில் பம்பாயில் கப்பல் கட்டினான். 1817இல் அப்படிக் கட்டிய 'திரிகோணமலை' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. நல்ல மரம், நல்ல தச்சன் கையில் பட்டால் 200 ஆண்டு கடந்தும் தண்ணீரில் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மலபார்க் காட்டோடு ஏகாதிபத்தியத்தின் பசி அடங்கவில்லை. பர்மா மன்னரின் காடுகளில் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி தேக்கு வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய மரத்துக்குக் கணக்கைக் குறைத்துக் காட்டித் தீர்வையில் மோசம் செய்தது என்று சொல்லி, 1885இல் மாண்டலே தர்பார் அதற்கு 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் அதைச் சாக்காக வைத்து அந்த ஆண்டு நவம்பரில் படையெடுத்தது. 1886 ஜனவரி 1ஆம் தேதி மேல் பர்மாவும் பிரிட்டிஷ் ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டது. பிரெஞ்சுக்காரனோடு இருந்த போட்டி முதலான வேறு காரணங்களும் அதற்கு உண்டு. ஆனால் வெளியே சொன்ன சாக்கு மரம்தான்.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகவே நிற்கிற மரத்தின் அடியில் வெளிறைத் தாண்டி வைரம் தெரியும்வரை சுற்றிலும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே காய விடுவார்கள். காய்ந்த பிறகு சாய்த்து, யானையைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளத்தில் விட்டு, ஐராவதி நதியில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்குக் கொண்டுவருவார்கள். மரம் வெட்டியவர் பர்மியத் தொழிலாளி, கரேன் தொழிலாளி. ரங்கூன் துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போன கூலிகள். லாபம் மட்டும் லண்டனுக்கும் பம்பாய்க்கும் போயிற்று.

அந்தத் தேக்கு செட்டிநாட்டு மாளிகைகளுக்குத் தூணாகவும் கதவாகவும் வந்து சேர்ந்தது. அந்த மாளிகைகளைக் கட்டிய பணத்தில் கணிசமான பங்கு பர்மாவில் வட்டிக்கு விட்ட பணம். 1930க்குப் பிறகு உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937க்குள் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாக ஓடிவந்தார்கள். வழியில் பசியிலும் காலராவிலும் மாண்டவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் கூலிகள். அவர்கள் கட்டிய மாளிகை எதுவும் இல்லை.

இன்று அந்த மாளிகைகளில் பல பூட்டிக் கிடக்கின்றன, பல இடிபட்டுவிட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூணையும் கதவையும் பெட்டியையும் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மா சர்க்கார் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரம் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அங்குள்ள சர்க்கார் மரக் கம்பெனியோடு வியாபாரம் செய்ய அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் தடை போட்டன. புது மரம் கிடைப்பது அருகினால் பழைய மரத்துக்குக் கிராக்கி ஏறும் என்பது சந்தை தெரிந்த யாருக்கும் விளங்கும். பணக்காரனுக்கு இது விளங்கிவிட்டது. பழைய மரத்தில் செய்த மேஜை இன்று பெரிய ஓட்டல்களிலும் பங்களாக்களிலும் கௌரவச் சின்னம். நமக்கோ பழையது என்றால் கேவலம். எப்படியாவது புதியதாக ஒன்று வாங்கிவிட வேண்டும்.

பழையது கேவலமா? அமெரிக்க ஜனாதிபதியின் மேஜை எதில் செய்தது? ஆர்க்டிக் பனிக்கடலில் சிக்கிக் கைவிடப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட 'ரெசல்யூட்' என்ற பிரிட்டிஷ் கப்பலை 1879இல் உடைத்தார்கள். அந்தக் கப்பலின் ஓக் மரத்தில் செய்து 1880இல் விக்டோரியா ராணி அனுப்பிய மேஜை அது. வெள்ளை மாளிகைக்கு உடைத்த கப்பல் மரம் ஆகுமென்றால், நம் வீட்டுக்கு இடித்த வீட்டு மரம் ஆகாதா?

விழுந்த சுள்ளி யாருக்குச் சொந்தம்?

1841இல் ஜெர்மனியின் ரைன் மாகாண சட்டசபையில் ஒரு சட்டம் விவாதத்துக்கு வந்தது. காட்டில் தானாக விழுந்து கிடக்கும் சுள்ளியை ஏழைகள் பொறுக்கினால் அதுவும் திருட்டு என்றது அந்தச் சட்டம். அதுவரை ஏழைகள் வழக்கமாகச் செய்துவந்த காரியம் அது. 1842இல், 24 வயது வாலிபராக இருந்த கார்ல் மார்க்ஸ் 'ரைன் பத்திரிகை'யில் இதைக் கண்டித்து எழுதினார். பொருளாதாரப் பிரச்சினைகளின் பக்கம் தம் கவனத்தைத் திருப்பியவற்றில் இந்த விறகு விவகாரமும் ஒன்று என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் சரக்கு என்றால் என்ன என்று விளக்க வந்தபோதும், அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று மர மேஜை.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்தபின், தலைமுறை தலைமுறையாக விறகு எடுத்த காட்டில் ஏழை கால் வைத்தால் அபராதம். ரயில் பாதைக்கும் கப்பலுக்கும் ஆயிரக்கணக்கில் மரம் சாய்த்தவன் காட்டைப் பாதுகாக்கிறவன். தலைச்சுமையாக விறகு கொண்டுவந்த கிழவி காட்டை அழிக்கிறவள்! காட்டில் வாழ்கிறவர்களின் உரிமையை ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

மில் தொழிலாளிகளுக்கு இது நன்றாக விளங்கும். புது யந்திரம் வந்து இறங்கும்போது அதோடு மரப்பெட்டியும் மரச்சட்டமும் வருகின்றன. மில்லின் மூலையில் மழையில் நனைந்து உளுத்துப் போகிற வரையில் அவை யாருக்கும் கண்ணில் படாது. ஒரு தொழிலாளி ஒரு பலகையை எடுத்தால் மட்டும் அது திருட்டு. வாசலில் சோதனை, விசாரணை, சஸ்பெண்டு. ஆகவே தோழர்கள் யாரும் வாசல் சீட்டு இல்லாமல் ஒரு துண்டு மரத்தையும் எடுக்கக் கூடாது. கழிவு மரத்தைக் கழிவு விலைக்கு முதலில் தொழிலாளிகளுக்குத் தர வேண்டும் என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நிர்வாகத்துக்கு இதில் ஒரு காசு நஷ்டமில்லை. நமக்கோ ஐம்பது வீட்டுக்கு ஐம்பது மேஜை.

எதை எடுப்பது, எதை விடுவது?

பழைய மரத்தின் பெரிய குணம், அது காய்ந்து அடங்கிய மரம். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், வளையும், வெடிக்கும். ஐம்பது வருஷம் கூரையில் இருந்த கைமரம் செய்ய வேண்டிய சேட்டையெல்லாம் செய்து முடித்துவிட்டது. ஆனால் எல்லாப் பழைய மரமும் நல்ல மரமல்ல. தச்சர்கள் பார்க்கும் முறையைச் சொல்கிறோம்.

முதலில் தட்டிப் பார். கணீரென்றால் உள்ளே கெட்டி. பொத்தென்றால் உள்ளே கரையானோ உளுவோ புகுந்திருக்கிறது. கூர்மையான கம்பியால் குத்திப் பார். சுவரில் புதைந்திருந்த முனையும், ஓடு ஒழுகிய இடமும் முதலில் கெடும். அங்கே அரை அடி, ஒரு அடி அறுத்துத் தள்ளிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். வெளிறு பகுதியைப் பூச்சி தின்றிருந்தாலும் வைரம் பெரும்பாலும் தப்பித்திருக்கும். பொடி உதிர்கிற மரத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே. அதிலிருக்கும் பூச்சி மற்ற மரத்துக்கும் தாவும்.

பழைய வர்ணம் பூசிய கதவு, ஜன்னல்களில் ஜாக்கிரதை வேண்டும். வீட்டு வர்ணத்தில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2016இல்தான் செய்யப்பட்டது. அதற்கு முந்திய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது; தீயில் காட்டவும் கூடாது. நனைத்து, வெளியில் வைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. ரயில்வேயில் கழித்த பழைய சிலிப்பர் கட்டையில் தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது கட்டிலுக்கும் மேஜைக்கும் உதவாது. வெளிநாட்டிலிருந்து வரும் யந்திரப் பெட்டியில் முத்திரை குத்தியிருக்கும். அதில் எச், டி என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம், எடுத்துக்கொள்ளலாம். எம், பி என்று இருந்தால் விஷப் புகை போட்ட மரம், விட்டுவிட வேண்டும்.

கடைத் தூள் பலகையின் சங்கதியும் இங்கே சொல்ல வேண்டியதே. மரத்தூளையும் துணுக்கையும் பசை போட்டு அழுத்திச் செய்வது அது. அந்தப் பசையில் பெரும்பாலும் பார்மால்டிஹைடு என்ற ரசாயனம் சேர்கிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. வீட்டில் வைத்திருப்பவரைவிட, காற்றோட்டமில்லாத கொட்டகையில் அந்தப் பலகையை நாள் முழுவதும் மின்ரம்பத்தில் அறுக்கிற தொழிலாளிதான் அதை அதிகம் சுவாசிக்கிறார். அவருக்கு முகமூடி கொடுத்த முதலாளி எத்தனை பேர்?

சில கருவிகள் போதும்

ரம்பம், இழைப்புளி, அகலமும் குறுகலுமாக இரண்டு மூன்று உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், துளை போடத் துறப்பணம், ஆணி பிடுங்கக் குறடு, தீட்டச் சாணைக்கல். இவ்வளவுதான். ஒரு பையில் அடங்கும். மின்சாரம் வேண்டாம். ஒரு முறை வாங்கினால் தகப்பன் கருவியை மகள் பிடிக்கலாம்.

பழைய மரத்துக்குக் கைக்கருவியே பொருத்தம் என்று சொல்வதற்குப் பக்தி காரணமல்ல, கணக்குதான் காரணம். பழைய மரத்துக்குள் முறிந்த ஆணி ஒளிந்திருக்கும். யந்திரத்தில் விட்டால் விலையுயர்ந்த பிளேடு பல்லிளித்துவிடும். ஆணித் துண்டு தெறித்து ஆளுக்கும் ஆபத்து. கையால் இழைக்கிறவர் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு நிறுத்திவிடுவார். பழைய துண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று கோணல், ஒன்று பொந்து, ஒன்றில் பழைய காடி. ஒவ்வொன்றுக்கும் தனி யோசனை வேண்டும். அந்த யோசனை தச்சரின் கண்ணில் இருக்கிறது.

ஒரு பெஞ்சுக் கணக்கைப் பார்ப்போம். நீளம் 4 அடி, அகலம் 1 அடி, உயரம் 1½ அடி. நல்ல கைமரத்திலிருந்து 2½ அங்குலச் சதுரத்தில் நாலு கால். 1½ அங்குலக் கனத்தில் நீளவாட்டில் இரண்டு சட்டம், குறுக்கே இரண்டு, கீழே கால்களைப் பிணைக்க மூன்று. மேலே பழைய கதவுப் பலகை இரண்டு.

ஆணியெல்லாம் பிடுங்கிய பின் ஒரு முகத்தை இழைத்து, மூலைமட்டம் வைத்து அடுத்த முகத்தை நேராக்கிக்கொள்ள வேண்டும். நார் ஓடுகிற திசையிலேயே இழைக்க வேண்டும். எதிர்த்து இழைத்தால் சிராய் பெயரும். பிறகு காலில் காடி, சட்டத்தில் கழுந்து. கழுந்து சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 1½ அங்குலம் என்றால் தச்சர் கணக்கில் 12 நூல். கழுந்து 4 நூல். கழுந்து கையால் அழுத்தினால் முக்கால் பங்கு போக வேண்டும், கடைசிக் கால் பங்குக்குக் கொட்டாப்புளி வேண்டும். அதுதான் சரியான பதம்.

இரும்பாணிக்குப் பதில் மூங்கில் ஆணி போடலாம். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலில் துளை போட்டு, கழுந்தைச் செருகி, துளையின் இடத்தைக் கழுந்தில் குறித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். கழுந்தில் துளை போடும்போது, குறித்த இடத்திலிருந்து அரை நூல் அளவு சட்டத்தின் தோள் பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். திரும்பச் செருகி மூங்கில் ஆணியை அடித்து இறக்கும்போது, இரண்டு துளையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு மூட்டு இறுகும். பசை இல்லாமலே நிற்கும். துருவும் பிடிக்காது.

மேல் பலகை இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட வேண்டும்; மழைக்காலத்தில் மரம் அகலவாட்டில் கொஞ்சம் விரியும். காலின் அடிப்பகுதியில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் கரையான் எளிதில் அண்டாது. அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், வெறுங்கையால் தொடக் கூடாது. இதே முறையில் உயரத்தை 1 அடியாகக் குறைத்தால், தரையில் உட்கார்ந்து எழுத உங்கள் பிள்ளைக்கு மேஜை. அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் அதுவே மேஜை.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளா?

உடனே சிலர் கேட்பார்கள்: "யந்திர யுகத்தில் உளியைப் பிடிக்கச் சொல்கிறீர்களே, பின்னோக்கிப் போகச் சொல்கிறீர்களா?" இல்லை. 1811 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்துத் தொழிலாளிகள் யந்திரங்களை உடைத்துப் பார்த்தார்கள். பட்டினிக்குக் காரணம் யந்திரமல்ல, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் என்று தொழிலாளி வர்க்கம் அந்த அனுபவத்திலிருந்து கற்றது. பத்துத் தச்சர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு இழைப்பு யந்திரம் வாங்கினால் நாம் முதலில் மாலை போடுவோம்.

இன்று நடப்பது வேறு. பழைய தூணை வியாபாரி விறகு விலையோடு சற்றுக் கூட்டி வாங்குகிறார். தச்சுத் தொழிலாளி நாட்கூலிக்கு அதை மேஜையாக மாற்றுகிறார். 'கையால் செய்தது, நூறாண்டு மரம்' என்று சீட்டு ஒட்டி நகரத்துக் கடையில் விற்கிறார்கள். விலையை ஏற்றுகிற அந்த இரண்டு சொல்லில் ஒன்று காட்டுக்கும், மற்றொன்று தொழிலாளியின் கைக்கும் சொந்தம். ஆனால் விலையில் அந்தக் கைக்குப் போவது அன்றைய கூலி மட்டுமே. மழை பெய்தால் அதுவும் இல்லை. விரல் போனால் கேட்க நாதியில்லை. நம் சண்டை யந்திரத்தோடு அல்ல, இந்தக் கணக்கோடு.

குலத்தொழில் வேறு, கைத்தொழில் வேறு

கைத்தொழிலைப் பற்றிப் பேசும்போது ஒரு பள்ளத்தில் விழாமல் நடக்க வேண்டும். 1953இல் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. தச்சன் மகன் தச்சன், சக்கிலியன் மகன் சக்கிலியன் என்று சாதியை உளியால் செதுக்கி நிலைநிறுத்தும் குலக்கல்வி இது என்று தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954இல் காமராஜ் மந்திரிசபை அதைக் கைவிட்டது. அந்தப் போராட்டம் நியாயமானது. அதன் பலனாகப் பள்ளிக்கூடத்தில் நிலைத்த பிள்ளைகள் எத்தனையோ.

2023 செப்டம்பர் 17ஆம் தேதி மத்திய சர்க்கார் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சு உட்பட 18 தொழில்களுக்குப் பயிற்சியும், கருவி வாங்க 15,000 ரூபாயும், கடனும் என்றது. குடும்பத் தொழிலைச் செய்கிறவருக்கே என்ற அதன் நிபந்தனை பழைய குலக்கல்வி வாடை அடிக்கிறது என்று ஆட்சேபம் எழுந்தது. மாநில சர்க்கார் 2024 நவம்பரில் அதை ஏற்க முடியாது என்று தெரிவித்து, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது.

இதில் நம் நிலை என்ன? உளி எந்தச் சாதிக்கும் சொத்தல்ல. விஸ்வகர்மா வீட்டுப் பெண் டாக்டராக வேண்டும். விவசாயக் கூலியின் மகன் விரும்பினால் தச்சு கற்க வேண்டும். கட்டட வேலையில் பெண் என்றால் சித்தாள். தலையில் சட்டிதான் ஏறும், கையில் இழைப்புளி ஏறாது என்ற வழக்கமும் ஒழிய வேண்டும். கைத்தொழிலைப் பிறப்போடு கட்டுவதை எதிர்த்தோம், கைத்தொழிலையே எதிர்க்கவில்லை. கட்டாயமில்லாமல், படிப்பைப் பறிக்காமல், யாருக்கும் கற்றுக்கொடுத்தால் அது கல்வி. அதே கருவியைச் சாதி பார்த்துக் கையில் திணித்தால் அது விலங்கு.

இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, கையால் செய்கிற வேலையெல்லாம் கீழான வேலை என்று நம் பிள்ளைகளும் நினைக்க ஆரம்பித்துவிட்டால், நாம் எதிர்த்த சாதி மனப்பான்மை நம் வீட்டுக்குள்ளேயே வேறு வேஷத்தில் புகுந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்கிறோம்.

ஒன்று: பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், சர்க்கார் காரியாலயம் எதை இடித்தாலும், அதில் இறங்கும் மரத்தை மொத்த ஏலத்தில் ஒரே வியாபாரிக்குத் தள்ளிவிடக் கூடாது. உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு முதலில் அந்தப் பள்ளிக்கே பெஞ்சும் மேஜையும் செய்ய வேண்டும். கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

இரண்டு: கழிவு மரத்தைத் தொழிலாளிகளுக்குக் கழிவு விலையில் தர மில் நிர்வாகங்களோடு சங்கங்கள் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மூன்று: தொழிற்பயிற்சி நிலையங்களில் மாலை வகுப்பு வைத்து, ஆண் பெண் எல்லோருக்கும் கைக்கருவித் தச்சு கற்றுக்கொடுக்க வேண்டும். ஆசிரியராக, வயதான உள்ளூர்த் தச்சர்களைச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும். அவர்களிடம் சர்டிபிகேட் இல்லை. ஆனால் கையில் இருக்கிறது.

நான்கு: தச்சுத் தொழிலாளி ஒவ்வொருவரும் 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்கு வழி தெரியாதவருக்குச் சங்கத் தோழர்கள் கூடப் போய்ச் செய்து கொடுக்க வேண்டும். பழைய மர வியாபாரிகளிடம் வேலை செய்கிறவர்கள் தனித்தனியாகப் பேரம் பேசுவதை விட்டு, ஊர்தோறும் ஒன்றுசேர்ந்து கூலியை நிர்ணயிக்க வேண்டும்.

ஐந்தாவதற்கு எந்த சர்க்காரையும் நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு வீடு இடிபட்டால், விறகு வண்டி வருவதற்கு முன்னே நாலு பேர் போய் நில்லுங்கள். ஊர்த் தச்சரை அழைத்துக்கொண்டு போங்கள். விறகு விலையைக் கொடுத்து, நிற்கிற மரத்தைப் பிரித்து எடுங்கள். தச்சருக்கு முழுக் கூலி கொடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் பெஞ்சை எந்த வீட்டில் பிள்ளை தரையில் படுத்து எழுதுகிறதோ அந்த வீட்டுக்குக் கொடுங்கள்.